மாதுளை விதையை அவளே தின்றாளா? கிரேக்கத் தொன்மக் காதல் மறுகதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்புக் குழுவில் பத்துப் பதினைந்து பேர் இருக்கிறோம். இரண்டு வருடமாக அங்கே கை மாறுவதெல்லாம் கிரேக்கக் கதைகளைப் பெண்கள் பக்கம் நின்று திருப்பிச் சொல்லும் நாவல்கள்தான். புத்தகம் திரும்பி வரும்போது கூடவே ஒரு சந்தேகமும் வரும். பெரும்பாலும் ஏற்கெனவே வந்த சந்தேகம்தான், கேட்கும் ஆள்தான் வேறு. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எனக்குக் கிரேக்கம் தெரியாது. இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் படிக்கிறவள், அவ்வளவுதான்.

இந்த மறுகதைன்னா என்ன? பழைய கதையையே திரும்ப எழுதி என்ன ஆகப்போகுது?

பழைய கதையில் ஓரமாக நின்ற பெண்ணை நடுக்கூடத்துக்குக் கூட்டிவந்து, "இப்போது நீ சொல்" என்று விடுவதுதான் மறுகதை. ஹோமரின் ஒடிசி காவியத்தில் சர்சி என்பவள் நாயகன் ஒடிசியஸ் போகும் வழியில் வரும் ஒரு தீவுக்காரி. மனிதர்களைப் பன்றியாக்குவாள், பிறகு அவனோடு ஒரு வருடம் இருப்பாள், அதோடு அவள் கதை முடிந்தது. 2018இல் மேடலின் மில்லர் எழுதிய நாவலில் வாழ்க்கை அவளுடையது. ஒடிசியஸ் அதில் வந்து தங்கிவிட்டுப் போகும் ஒரு விருந்தாளி.

இது நேற்று முளைத்த மோஸ்தர் இல்லை. கிழக்கு ஜெர்மனியிலிருந்து கிறிஸ்டா வோல்ஃப் டிராய் இளவரசி கசாண்ட்ராவை வைத்து எழுதிய நாவல் 1983இல் வந்தது. மார்கரெட் அட்வுட் ஒடிசியஸின் மனைவி பெனலோப்பியைப் பேசவைத்தது 2005இல். இந்த அலமாரியின் ஒரு கோடியில் இப்படிப்பட்ட நாவல்கள். மறு கோடியில் பாதாள அரசன் ஹேடீஸும் அவன் தூக்கிப்போன பெர்சிஃபோனியும் உருகி உருகிக் காதலிக்கும் ரொமான்ஸ்களும் இணையச் சித்திரக் கதைகளும். சண்டை எல்லாம் அந்தக் கோடியில்தான்.

ஹோமரைப் படிக்காம நேரா இதைப் படிக்கலாமா?

தாராளமாக. மூலத்தை முடித்துவிட்டுத்தான் நாவலைத் தொடுவேன் என்று கிளம்பி, டிராய்ப் போரைப் பாடும் இலியட் இரண்டாம் காண்டத்துக் கப்பல் பட்டியலிலேயே கரை சேராமல் போனவர்களை எனக்குத் தெரியும். நாவல் பிடித்துவிட்டால் மூலத்தில் அந்தப் பெண் வரும் பக்கத்தை மட்டும் தேடிப் படியுங்கள். பல நேரம் அது ஒரே பக்கமாகத்தான் இருக்கும்.

மூலக் கதையை இஷ்டத்துக்கு மாத்துறது தப்பில்லையா?

எந்த மூலம்? ஸ்டெசிகோரஸ் என்று ஒரு பழைய கவிஞர், டிராய்ப் போருக்குக் காரணம் என்று சொல்லப்படும் ஹெலனைப் பழித்துப் பாடியதால் கண்ணிழந்தாராம். "அந்தக் கதை உண்மையில்லை, அவள் டிராய்க்குப் போகவே இல்லை" என்று மாற்றிப் பாடிய பிறகு பார்வை திரும்பியதாம். பிளேட்டோவே இதைச் சொல்லியிருக்கிறார். நாடகாசிரியர் யூரிபிடிஸ் கி.மு. 412இல் அதை ஒரு முழு நாடகமாக்கினார். டிராய்க்குப் போனது ஒரு மாய உருவம். நிஜ ஹெலன் எகிப்தில் பத்தினியாகக் காத்திருக்கிறாள்.

கணவன் கைவிட்ட கோபத்தில் மெடியா தன் பிள்ளைகளைக் கொன்றாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிள்ளைகளைக் கொன்றது கொரிந்து நகரத்து மக்கள் என்று இன்னொரு வழக்கு உண்டு. கத்தியை அம்மாவின் கையில் கொடுத்தது யூரிபிடிஸ்தான், கி.மு. 431இல், என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பெண்களின் வாயில் கதையைச் சொல்வதையும் ரோமானியக் கவிஞர் ஓவிட் இரண்டாயிரம் வருடம் முன்பே செய்துவிட்டார். பெனலோப்பி, ப்ரைசெயிஸ், அரியாட்னி எல்லோரும் தங்கள் ஆண்களுக்குக் கடிதம் எழுதுவதாக ஒரு தொகுப்பே பாடியிருக்கிறார். ஆகவே மாற்றலாமா கூடாதா என்பதை விட்டுவிடுங்கள். மாற்றியது எதற்கு என்று கேளுங்கள்.

பழைய காவியத்துல பொம்பளைங்க வாயே திறக்கலையாமே, அப்படியா?

நாவல்களின் பின்னட்டை அப்படித்தான் சொல்லும். பாதி உண்மை. ஏழு வருடம் ஒடிசியஸைத் தன்னோடு வைத்திருந்த காலிப்ஸோ, அவனை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்ததும் ஒடிசியின் ஐந்தாம் காண்டத்தில் வெடிக்கிறாள்: ஆண் தெய்வங்கள் யாரோடு வேண்டுமானாலும் படுப்பீர்கள், ஒரு தேவதை ஒரு மனிதனை வைத்துக்கொண்டால் மட்டும் உங்களுக்குப் பொறுக்காது. மெடியாவோ, ஒரு பிரசவத்துக்கு மூன்று முறை போர்க்களத்தில் நிற்கலாம் என்கிறாள். என்ன, இதையெல்லாம் எழுதியவர்கள் ஆண்கள். ஏதென்ஸ் மேடையில் முகமூடி போட்டுப் பேசியவர்களும் ஆண்கள். பெண்ணே பெண்ணைப் பற்றிப் பாடியது வேண்டுமென்றால் கவிஞர் சாப்போ இருக்கிறாள். கறுத்த மண்ணின் மேல் மிக அழகானது எது? சிலர் குதிரைப்படை என்பார்கள், சிலர் கப்பல் என்பார்கள், நான் சொல்வேன், ஒருத்தி எதை விரும்புகிறாளோ அதுதான் என்று தொடங்கி, அதற்குச் சாட்சியாக ஹெலனைக் கூப்பிடுகிறாள். துளிகூடப் பழிக்கவில்லை.

ஆனால் ப்ரைசெயிஸ் விஷயத்தில் பின்னட்டை சொல்வது கிட்டத்தட்டச் சரி. கிரேக்கப் படையின் மாவீரன் அக்கிலிஸும் தலைவன் அகமெம்னானும் முட்டிக்கொண்டது இந்தச் சிறைப்பிடிக்கப்பட்ட பெண்ணுக்காக. இலியட் முழுவதிலும் அவள் ஒரே ஒரு தடவை, 19ஆம் காண்டத்தில், 14 வரி பேசுகிறாள். அக்கிலிஸின் உயிர்த்தோழன் பட்ரோக்லஸின் பிணத்தின் மேல் விழுந்து அழுகிறாள்: என் புருஷனை ஊர் வாசலில் வெட்டினார்கள், கூடப்பிறந்த மூன்று பேரும் அன்றைக்கே போனார்கள், நீதான் அழாதே என்றாய், அக்கிலிஸுக்கே என்னைக் கட்டிவைக்கிறேன் என்றாய். அடுத்து ஹோமர் ஒன்று சொல்கிறார். கூட இருந்த பெண்களும் அழுதார்கள். வெளிக்குப் பட்ரோக்லஸுக்காக, உள்ளுக்குள் அவளவள் துக்கத்துக்காக. சாவு வீட்டில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இந்த வரி புரியும். பாட் பார்க்கர் 2018இல் எழுதிய நாவல் பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்குள்ளிருந்துதான் பேசுகிறது.

பெர்சிஃபோனியைத் தூக்கிட்டுத்தானே போனான்? அதை எப்படிங்க காதல் கதைன்னு சொல்றாங்க?

அதிகம் வந்த கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழுக் கதை, பெர்சிஃபோனியின் அம்மா, விளைச்சல் தெய்வம் டிமீட்டர் மேல் பாடிய சுமார் 495 வரித் துதிப்பாட்டு. மாஸ்கோவில் 1777இல் அகப்பட்ட ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியால்தான் அது தப்பிப் பிழைத்தது. அதில் பெர்சிஃபோனி தோழிகளோடு பூப்பறிக்கிறாள். ஒரே வேரில் நூறு பூ பூத்த நார்சிசஸ் செடி. அது தானாக முளைத்ததில்லை, அவள் அப்பா, தேவர்களின் அரசன் ஜீயஸின் சம்மதத்தோடு வைத்த பொறி. பறிக்கக் கை நீட்டியதும் பூமி பிளக்கிறது. தங்கத் தேரில் ஹேடீஸ் வந்து, கதறக் கதறத் தூக்கிப் போகிறான். அப்பாவைக் கூப்பிட்டு அலறுகிறாள். அப்பாதான் கொடுத்தவர். சூரியனிடம் டிமீட்டர் விசாரித்தால், அவன் உண்மையைச் சொல்லிவிட்டுக் கடைசியில் "மாப்பிள்ளை ஒன்றும் குறைந்தவனில்லையே" என்று சமாதானம் வேறு செய்கிறான்! எங்கள் குழுவில் இந்த இடத்தைச் சத்தமாகப் படித்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள், ஒருத்தர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

இனி மாதுளை. டிமீட்டர் விளைச்சலை நிறுத்திப் பஞ்சம் மூட்டியதும், தேவர்களுக்குப் படையல் நின்றுபோய், ஜீயஸ் இறங்கி வருகிறான். போய் வா என்று ஹேடீஸ் அனுப்பும்போது அவள் சந்தோஷத்தில் துள்ளி எழுகிறாள். அவன் ரகசியமாக ஒரு மாதுளை விதையைக் கொடுத்துவிடுகிறான். கீழே உண்டவர்கள் முழுதாக மேலே வர முடியாது. பாடுகிறவர் சொல்வது இவ்வளவுதான். அம்மா கேட்கும்போது மகள் சொல்வது வேறு: ரகசியமாக வாயில் வைத்தான், வேண்டாம் என்றும் விடாமல் தின்னவைத்தான். ஏன் இந்த வித்தியாசம்? நடந்ததை அவள்தான் முழுசாகச் சொல்கிறாளா, இல்லை அம்மாவிடம் சொல்லும்போது வரும் பேச்சா? பாட்டு பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. ஓவிட் பாடும்போது கதையே வேறு. அவள் தோட்டத்தில் சுற்றும்போது தானே பழம் பறித்து ஏழு விதை தின்கிறாள். துதிப்பாட்டில் வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே, ஓவிடில் சரிபாதி.

காதல் மறுகதைகள் எல்லாம் இந்த விதை விழுந்த இடத்தில் முளைத்தவை. தெரிந்தே தின்றாள், அரசியாக இருக்க விரும்பித் தின்றாள் என்று எழுதுகிறார்கள். அதற்கு இடமிருக்கிறது. தேருக்கு இடமில்லை. தேரை எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்த்தாலே எழுதியவரின் தரம் தெரிந்துவிடும்.

அந்த ஹேடீஸ் அவளுக்குப் பெரியப்பா முறை ஆச்சே!

ஆமாம். பழைய கவிஞர் ஹெசியட் தரும் வரிசைப்படி ஜீயஸ் கடைக்குட்டி, ஹேடீஸ் மூத்தவன். டிமீட்டரும் அவர்களோடு பிறந்தவளே என்பதால் அவன் தாய்மாமனும்கூட. நம் முறைப்படி ஒரு கணக்கில் கட்டலாம், இன்னொரு கணக்கில் நினைத்தும் பார்க்கக்கூடாது. எங்கள் குழுவில் ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க இதிலேயே போயிற்று.

ஏதென்ஸ்காரருக்கு இது உறுத்தியிருக்காது. அங்கே ஆண் வாரிசு இல்லாமல் ஒருவர் இறந்தால், அவர் மகளை மணக்க முதல் உரிமை அப்பாவின் உடன்பிறந்தவருக்குத்தான். சொத்து வீட்டை விட்டுப் போகக்கூடாதே. நவீன ரொமான்ஸ்கள் இந்த உறவைப் பேசாமல் மழுப்பிவிடும், அல்லது தெய்வங்களுக்கு ரத்த உறவே கிடையாது என்று ஒரு விதி போட்டுவிடும். எனக்கு இதில் புகார் இல்லை.

"ஆதியில அவ விரும்பித்தான் போனா, அப்புறம் வந்த ஆம்பளைங்கதான் கடத்தலா மாத்திட்டாங்க"ன்னு ரீல்ஸ்ல பார்த்தேன். நிஜமா?

அப்படிச் சொல்லும் பழைய நூல் எதுவும் இல்லை. இன்றைக்குச் சுற்றும் வடிவத்துக்கு முக்கியமான ஊற்று 1978இல் அமெரிக்காவில் சார்லீன் ஸ்ப்ரெட்னாக் எழுதிய புத்தகம். கடத்தலே இல்லாமல், இறந்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல அவளாகவே கீழே இறங்குவதாக அதில் எழுதினார். அழகான கற்பனைதான். அதைத் தொல்பொருள் மாதிரி தோண்டி எடுத்துக் காட்டும்போதுதான் சிக்கல்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. தெற்கு இத்தாலியில் லோக்ரி என்ற கிரேக்கக் குடியேற்றத்தில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பெர்சிஃபோனி கல்யாணத்துக்கான தெய்வம். அங்கே கோயிலில் காணிக்கையாக இட்ட சுடுமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. சிலவற்றில் தூக்கிப்போகும் காட்சி. சிலவற்றில் இருவரும் ஒரே சிம்மாசனத்தில் அக்கம்பக்கமாக, அவள் கையில் சேவல். கல்யாணத்துக்கு நின்ற பெண்கள் அவளிடம் என்ன வேண்டிக்கொண்டார்களோ! அவள் பயந்தவள், பட்டத்தரசி, இரண்டுமே என்று அந்தக் காலத்துப் பெண்கள் தெரிந்துதான் வைத்திருந்தார்கள். அப்படியிருக்க இல்லாத ஒரு மூலத்தை இட்டுக்கட்ட வேண்டியதில்லை.

காதலும் வேணும், பெண்ணியமும் வேணும்னா ரெண்டும் இடிக்காதா?

இடிக்கும். இடிக்கிற சத்தம் கேட்கும் புத்தகங்கள்தான் எனக்குப் பிடிக்கும். காதல் வந்தாலே பெண்ணியம் போச்சு என்று நான் நினைக்கவில்லை. சாப்போவின் ஹெலனைப் பார்த்தோமே, ஆசைப்பட்டதும் அவளே, கப்பல் ஏறியதும் அவளே. வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியுமா, சொன்ன பிறகும் கதை நடக்குமா என்றுதான் பார்ப்பேன். சொல்லவே முடியாத இடத்தில் அவளை நிறுத்தி வைத்துவிட்டு, நாயகனுக்குச் சோகக் கண்களும் அகன்ற தோளும் கொடுத்துச் சமாளிப்பது ஏமாற்று.

எனக்குத் தீராத ஒரு ஆதங்கம் உண்டு. ரொமான்ஸ் என்றால் ஒரு தடை வேண்டும். ஹேடீஸை நல்லவனாக்கிய பிறகு தடைக்கு யாரைப் பிடிப்பது? அம்மாவைப் பிடிக்கிறார்கள். எத்தனையோ மறுகதைகளில் டிமீட்டர் மகளை மூச்சுவிட விடாத, பூட்டி வைத்த தாய். துதிப்பாட்டிலோ ஒன்பது நாள் குளிக்காமல் சாப்பிடாமல், கையில் தீப்பந்தத்தோடு உலகம் முழுக்கத் தேடி அலைந்தவள் அவள். உலகத்தையே பட்டினி போட்டு மகளை மீட்டவள். அந்தப் பாட்டில் காதல் கதை என்று ஒன்று இருந்தால் அது அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது. மகளைக் கேட்காமல் கொடுத்த அப்பன் ஜீயஸோ பல நாவல்களில் சும்மா இரண்டு காட்சியில் வந்து ஜோக் அடித்துவிட்டுப் போகிறான். பெண்ணியக் கதை என்று அட்டையில் போட்டுவிட்டு, பழியை இருக்கிற ஒரே அம்மாவின் தலையில் கட்டினால் எப்படி?

மெடூசாவுக்கு அதீனா கொடுத்தது சாபமா, பாதுகாப்பா?

மெடூசா, பார்த்தவரைக் கல்லாக்கும் பாம்புத்தலைக்காரி. ஹெசியடில் சாபமும் இல்லை, வரமும் இல்லை. கோர்கன்கள் மூன்று சகோதரிகள். சாவு உள்ளவள் மெடூசா மட்டும். பூ மலர்ந்த புல்வெளியில் கடல் தெய்வம் பொசைடன் அவளோடு படுத்தான் என்பதோடு சரி. அழகியாக இருந்தவளைக் கோயிலில் வைத்துக் கெடுத்தான், தெய்வம் அவள் கூந்தலையே பாம்பாக்கித் தண்டித்தது என்பது ஓவிட் சொன்னது. பாம்புத்தலை என்பது இனி எந்த ஆணும் நெருங்காமலிருக்க அதீனா தந்த கவசம் என்பது இன்றைய வாசிப்பு. பச்சை குத்திக்கொள்ளும் அளவுக்குப் பலருக்கு அது ஆறுதலாக இருக்கிறது. இருக்கட்டும், பழைய ஏட்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020இல் நியூயார்க்கில் குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரே நின்ற சிலையில் மெடூசா, கதையில் தன் தலையை வெட்டிய பெர்சியஸின் தலையைப் பிடித்திருப்பாள். தலை தவறு, பொசைடனுடையது அல்லவா இருக்க வேண்டும் என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு.

அக்கிலிஸும் ப்ரைசெயிஸும் காதலிச்ச மாதிரி ஒரு படத்துல பார்த்தேனே? இன்னொரு நாவல்ல அவனுக்குப் பட்ரோக்லஸ்தான் காதலன்னு இருக்கு. எது சரி?

2004இல் வந்த 'டிராய்' படம் முதலாவது. மேடலின் மில்லரின் 2011 நாவல் இரண்டாவது. பட்ரோக்லஸ் காதலன் என்று ஹோமர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் நாடகாசிரியர் ஏஸ்கிலஸ் அப்படித்தான் நாடகம் எழுதினார், பிளேட்டோவின் 'விருந்து' என்ற நூலில் இருவரில் யார் காதலன், யார் காதலிக்கப்பட்டவன் என்று விவாதமே நடக்கிறது. ஆக அது பழைய வாசிப்பே.

படத்தை ஏற்கத்தான் எனக்குக் கஷ்டம். மேலே அந்த 14 வரியைப் பார்த்தோம். புருஷனைக் கொன்றவனையே கட்டிக்கொள்வது அவளுக்கு எதிர்காலமாகத் தெரிகிறது என்றால், அடிமைக்கு மனைவி என்ற பெயரே மேல்படி என்று அர்த்தம். அதைக் காதலாகப் படித்தால் வசதியாக இருக்கும், அவ்வளவுதான்.

எல்லா நாவல்லயும் அரசிகளும் தேவதைகளும்தான். வேலைக்காரிகள் கதை யாருக்கும் வேண்டாமா?

சரியான கேள்வி. ஒடிசியின் 22ஆம் காண்டம். பெனலோப்பியைச் சுற்றி வந்த ஆண்களை ஒடிசியஸ் கொன்று முடித்ததும், அவர்களோடு படுத்த பன்னிரண்டு பணிப்பெண்களை, முதலில் பிணங்களைத் தூக்கச் சொல்லி, மேசைகளை ஸ்பாஞ்சால் துடைக்கச் சொல்லி, பிறகு கப்பல் கயிற்றில் வரிசையாகத் தூக்கிலிடுகிறான் மகன் டெலமாக்கஸ். வலையில் சிக்கிய புறாக்கள் மாதிரி என்கிறார் ஹோமர். கால்கள் சற்று நேரம் துடித்தன, ரொம்ப நேரம் இல்லை. முந்தைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அவர்கள் வேசிகள் என்றெல்லாம் திட்டு வாங்குவார்கள். அது கிரேக்கத்தில் இல்லாத வசவு என்று எடுத்துக்காட்டியவர் எமிலி வில்சன். 2017இல் வந்த அவருடைய ஆங்கில ஒடிசியில் அவர்கள் அடிமைப் பெண்கள், அவ்வளவே. அட்வுட் அந்தப் பன்னிரண்டு பேரையும் சேர்ந்து பாட வைத்தார். ரொமான்ஸ் நாவல்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. காதலுக்கு ஓய்வு நேரம் வேண்டும், அடிமைக்கு அது ஏது?

சந்தோஷமா முடியற பழைய காதல் கதை ஒண்ணுகூடவா இல்ல?

சைக்கி என்ற பெண்ணும் காதல் தெய்வம் ஈராஸும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அபுலேயஸ் லத்தீனில் எழுதியது. இருட்டில் மட்டும் வரும் கணவன், விளக்கைத் தூக்கிப் பார்த்ததும் பறந்துவிடுகிறான். மாமியார் வீனஸ் தானியக் குவியலைத் தரம் பிரிக்கச் சொல்கிறாள். எறும்புகள் வந்து உதவுகின்றன. கடைசியில் கல்யாண விருந்து, குழந்தை, எல்லாம் உண்டு. ஆனால் அந்த நாவலில் இந்தக் கதை யாருக்குச் சொல்லப்படுகிறது தெரியுமா? கல்யாணத்தன்றே கொள்ளையர்கள் தூக்கி வந்த ஒரு பெண் அழுதுகொண்டே இருக்கிறாள். அவளைத் தேற்ற ஒரு கிழவி சொல்லும் கதை அது.

நம்ம பக்கம் இப்படி யாரும் எழுதலையா?

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' படியுங்கள். சீதை தீயில் இறங்கினாள் என்று கேள்விப்பட்டதும் அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றிக் கவலையில்லை என்று கதையின் தலையிலேயே எழுதிவைத்தார். 'மாற்றலாமா' என்று கேட்டவர்களுக்கு நான் இரண்டு பத்தி எழுதியிருக்கத் தேவையில்லை.

என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு. அந்த ஹேடீஸ் பெர்சிஃபோனி காமிக்ஸ் படிக்கணும்ங்கறா. கொடுக்கலாமா?

அவள் கேட்பது 2018 முதல் 2024 வரை இணையத்தில் வந்த 'லோர் ஒலிம்பஸ்' என்றால், வண்ணங்களைப் பார்த்துக் குழந்தைக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பாலியல் வன்முறை வருகிறது. ஹேடீஸ் செய்வதாக அல்ல, அப்பல்லோ செய்வதாக. சம்பந்தப்பட்ட அத்தியாயங்களில் எச்சரிக்கை இருக்கும். நாயகிக்கு 19 வயது, நாயகனுக்கு ஆயிரக்கணக்கில். முதலில் நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இதே ஜோடியை வைத்து எழுதப்படும் பெரியவர்களுக்கான ரொமான்ஸ்களைப் பதிமூன்று வயதுக்கு நான் கொடுக்க மாட்டேன்.

அதற்குள் அந்தத் துதிப்பாட்டை அவளோடு உட்கார்ந்து படிக்கலாம். ஒரு மணி நேரம்கூட ஆகாது. மாதுளை இடம் வரும்போது நிறுத்தி, அம்மாவிடம் அவள் சொன்னது நிஜமா என்று கேட்டுப் பாருங்கள். என் அக்கா மகளிடம் கேட்டேன். "நான் உங்கிட்ட எல்லாத்தையும் அப்படியேவா சொல்றேன் சித்தி?" என்றாள்.